சம்பந்திக்கு வைத்த கருவாடு

தோட்டத்தில் எலி வந்துபோன தடம் கண்டால் பாஞ்சாலை அதன் பெயரைச் சொல்லமாட்டாள். சொன்னால் அதன் காதில் விழும், அப்புறம் மருந்தைத் தொடாது என்பது அவள் எண்ணம். பாம்பைப் பூச்சி என்று சொல்வது ஊர் வழக்கம். எலியைச் சம்பந்தி என்று சொல்வது இவள் வழக்கம். கூப்பிடாமல் வந்து, இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கடித்துவிட்டு, மிச்சத்தைக் குறை சொல்லி விட்டுப்போவது வேறு யார் என்பாள். அவள் புருஷன் தட்சணாமூர்த்திக்கும் அது பழகிவிட்டது. மகள் அஸ்வினியைக் கிளியனூரில் கட்டிக்கொடுத்து நிஜமாகவே ஒரு சம்பந்தி வந்த பிறகும் இருவருக்கும் நாக்கு மாறவில்லை.

உப்பளத்தில் வேலை இல்லாத நேரமெல்லாம் பாஞ்சாலை வீட்டுக்குப் பின்னால்தான் இருப்பாள். வள்ளிக்கிழங்கு, வேர்க்கடலை, நாலு கத்திரிச்செடி. கொய்யாவை அணில் பார்த்துக்கொண்டது, கோழிமுட்டையைக் கீரி பார்த்துக்கொண்டது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். கிழங்கைக் குடைந்து கூடாக்கிவிட்டுப் போகிற எலியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அஸ்வினிக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் வளைகாப்புக்கு நாள் பேசச் சம்பந்தி பாக்கியலட்சுமி மரக்காணம் வந்தாள். தலைப்பிரசவம். வளையல் போட்ட கையோடு மகளை அழைத்து வந்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் பாஞ்சாலை உள்ளறைக்குப் புதுக் கட்டில்கூட வாங்கிப் போட்டிருந்தாள். பேச்சு நன்றாகத்தான் போனது. அன்று கருவாட்டுக் குழம்பு. இலையைப் போட்டுவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கத் தோட்டத்துக்குப் போனவள், அங்கே நின்ற புருஷனிடம் குரலைத் தணித்துச் சொன்னாள்.

"சம்பந்திக்குக் கருவாட்டுத் தலையில கலந்து வெச்சிட்டேன். நீ பாட்டுக்குக் கைய வெச்சிடாத."

"போன தடவ தப்பிச்சிட்டாங்களே. இந்தத் தடவ தூக்கலா போட்டியா?"

"போட்டேன், போட்டேன். வாயத் தொறந்து சொல்லாத."

திரும்பி வந்தபோது பாக்கியலட்சுமி பின்வாசல் குழாயடியில் ஈரக்கையோடு நின்றிருந்தாள். முகம் என்னவோ போல் இருந்தது. இன்றைக்குக் கிருத்திகை, கவிச்சி தொடமாட்டேன் என்றாள். சாம்பார் இருக்கிறது என்றதற்குப் பசியில்லை என்றாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

கிருத்திகை போன வாரமே முடிந்துவிட்டது என்று பாஞ்சாலைக்குத் தெரியும். நாலு நாளில் போன் வந்தது. வளைகாப்பு நடக்கட்டும், பிரசவம் கிளியனூரிலேயே ஆகட்டும் என்றாள் பாக்கியலட்சுமி. காரணம் சொல்லவில்லை. அன்றிலிருந்து பாஞ்சாலைக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். உப்பு அள்ளுகிற வீடு என்று இளப்பமா? எதிர்வீட்டுச் சங்கீதா பஸ் ஸ்டாப்பில் பாக்கியலட்சுமியோடு பேசிக்கொண்டிருந்தாளே, என்ன கொளுத்திப் போட்டாள்? சங்கீதாவோடு பேசுவதை நிறுத்தினாள். சங்கீதாவுக்கு ஏனென்று புரியவில்லை.

வளைகாப்பன்று அதிரசத் தூக்கோடு கிளியனூர் போனாள். பந்தலில் உட்காராமல் சம்பந்தி பின்னாலேயே கண்ணை விட்டிருந்தாள். பாக்கியலட்சுமி தூக்கைத் திறந்தாள், ஒரு அதிரசத்தைப் பிட்டாள், கொல்லையில் மேய்ந்த கோழிக்குப் போட்டாள். போட்டுவிட்டு நகரவில்லை. கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோழி தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று கழுத்தை நீட்டியது. அதற்குப் பிறகும் அவள் தூக்கை மூடி ஓரமாகத்தான் வைத்தாள்.

பாஞ்சாலை மகளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் என்ன விஷயம் என்று கேட்டாள். அஸ்வினி வளையல் சத்தம் போடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா, அத்தைக்குக் கருவாட்டுல என்ன கலந்த?" என்றாள்.

விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. பிடிபட்டதும் நேராகப் பாக்கியலட்சுமியிடம் போய் நின்றாள்.

"அது எலிங்க, சம்பந்தி. நாங்க எலியத்தான் சம்பந்தின்னு சொல்றது."

சொன்ன பிறகுதான் இது அதைவிட மோசம் என்று உறைத்தது.

"எலிக்கு எம் பேரா, எனக்கு எலி பேரா?" என்றாள் பாக்கியலட்சுமி. சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "சரி, எலிக்கே வெச்சதா இருக்கட்டும். வெசம் பெசையற வீட்டுல, கையில கெடச்சத வாயில வெக்கிற புள்ளைய எப்படி விடறது?"

"நீங்களே வந்து வீட்டப் பாருங்க, சம்பந்தி" என்றாள் பாஞ்சாலை.

மறுவாரம் பாக்கியலட்சுமி தானே வந்து அடுப்படி, பரண், தோட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தாள். மருந்துப் பொட்டலத்தை அவள் கையிலேயே கொடுத்தாள் பாஞ்சாலை. மருந்து பிசைந்த தகரத்தையும் கொடுத்தாள். ஒன்பதாம் மாதம் அஸ்வினி வந்தாள்.

இப்போது பேத்திக்கு மூன்று மாதம். தோட்டத்தில் மருந்து வைப்பதில்லை. கூண்டு ஒன்று இருக்கிறது, அதில் இதுவரை ஒரு ஓணான்தான் மாட்டியது. வள்ளிக்கிழங்கு முழுசாகக் கிடைப்பதில்லை. பாக்கியலட்சுமி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், சாப்பிடுகிறாள். ஆனால் பாஞ்சாலை அதே சட்டியிலிருந்து முதலில் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாக வேண்டும்.