மேடேறிய மொபெட்

இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய ரிசார்ட் பேட்டரி வண்டி மேடு ஏறவில்லையாம். "கியரை மாத்துப்பா, மலையே ஏறும்."

எனக்குச் சித்தப்பாவின் மொபெட் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பத்திரண்டாம் வருஷம், உத்திரமேரூர். இரண்டு பேரைச் சுமந்து அது ஏரிக்கரை ஏறாது. ஒவ்வொரு தடவையும் சித்திதான் இறங்கி நடப்பார்.

"நான் இன்னா நெல்லு மூட்டையா, பாதியில எறக்கிவுட?" என்று ஒருநாள் வெடித்துவிட்டார்.

மெக்கானிக் பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரமாக மாட்டினார். "இனிமே மேடு ஏறும்ணே. ஆனா வேகம் கொறையும்."

சித்தப்பா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கினார்.

மறுநாள் இருவரோடும் வண்டி கரை ஏறியது. சித்தப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

கரைமேல் சமதளத்தில், பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து வழி கேட்டார். அடுத்து, தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா தாண்டிப் போனார்.

சித்தி தானாகவே இறங்கினார். "நீ பொறுமையா ஓட்டிக்கினு வா. நான் முன்னாடி போயி ஒல வெக்கிறேன்."

சோறு வெந்த பிறகுதான் மொபெட் சத்தம் கேட்டது.

பக்கத்து சீட்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஏறினப்புறம் சமதளத்துல எப்படிங்க போகும்?"

அவர் அவசரமாக மறுபடியும் போனை எடுத்தார். "கொஞ்சம் இருப்பா, கியரை இப்போ மாத்திடாத!" அவர் வீட்டிலும் என் சித்தி மாதிரி ஒருவர் இருப்பாரோ?