சாட்சிக் கூண்டில் யாழினி

"யாழினி பேசுறது யாருக்குமே கேக்கல" என்று டேகேர் டீச்சர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் மகளுக்கு நாலு வயது. வீட்டில்கூட முணுமுணுப்புதான்.

இன்று சிட்னிக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் பழைய கோர்ட்டைப் பார்க்கப் போனோம். அழகான மணற்கல் கட்டடம். வழக்குகள் எப்போதோ நின்றுபோய், இப்போது அருங்காட்சியகம்.

சுற்றிக் காட்டிய பெண்மணி உயரமான மரக்கூரையைக் காட்டினார். மைக் இல்லாத காலத்தில் சாட்சி பயந்து முணுமுணுத்தாலும் ஜட்ஜுக்குக் கேட்கும்படி கட்டியிருக்கிறார்களாம். "யாராவது பேசிப் பார்க்கிறீர்களா?" என்றார்.

என் கணவர் உடனே ஜட்ஜ் நாற்காலியில் ஏறிவிட்டார். யாழினி தானாகவே சாட்சிக் கூண்டுக்குள் போனாள். இத்தனை பேர் முன்னால் வாயே திறக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

வழக்கம்போல முணுமுணுத்தாள். ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

"அப்பா, முறுக்கு டப்பாவை நான் காலி பண்ணல. அம்மாதான்."

பின்னால் நின்ற யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிள்ளை சாட்சி சொல்லிப்போட்டுது. இனி நீர் தப்பேலாது!"

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் யாழினிக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் சத்தமாக, "கார்லயும் சாப்பிட்டாங்க!" என்றாள்.

"தீர்ப்பு வீட்ல" என்றார் ஜட்ஜ்.

இவ்வளவு சந்தோஷமாக யாரும் மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். டேகேர் கூரையைக் கொஞ்சம் உயர்த்த முடியுமா என்று டீச்சரிடம் கேட்கப் போகிறேன்.

எனக்கு ஜாமீன் எடுக்க வருபவர்கள் முறுக்கோடு வரவும்.