பதினாறு அங்குல நாற்காலியோடு ஒரு கிராம சபைக்கு

தாராவியில் நாற்காலிப் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஊர் சுற்ற ஒரு வசதி உண்டு. டெலிவரி என்று சொன்னால் வீட்டில் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்தச் சுதந்திர தினத்தன்று மும்பைக்கு வடக்கே விக்ரம்கட் பக்கம் ஒரு வார்லி ஆதிவாசி ஊருக்குப் போனதும் அப்படித்தான்.

அந்த ஊராட்சித் தலைவி சுனந்தா. ஒரு மாதம் முன்பு பட்டறைக்கே வந்து, மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "கைப்பிடிய இன்னும் உள்ள தள்ளுங்க" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பதினாறு அங்குலத்தில் நின்றது. கொஞ்சம் சதை போட்டால் உட்கார முடியாதே என்றேன். "நான் போட மாட்டேன்" என்றார். சின்ன உடம்புதான். காசு கொடுப்பவர் சொன்னால் சரி.

காலை ஐந்து மணிக்கு மேலப்பாளையத்துக்காரர் காசிமின் டெம்போவில் கிளம்பினோம். மனோர் வரை நெடுஞ்சாலை. அங்கே வடாபாவ் சாப்பிட்டு வலப்பக்கம் திரும்பினால் குழிகளுக்கு நடுவே கொஞ்சம் சாலை இருக்கிறது. ஏறக்குறைய 110 கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம்.

"அண்ணாச்சி, இதுல நம்ம ஒரு காலுதான் போவும். அளவ தப்பா எழுதிட்டியளோ?" என்றார் காசிம், வழியெல்லாம்.

பள்ளி வராந்தாவில் கிராம சபை. எங்களை வரவேற்றவர் சுனந்தாவின் கணவர். வெள்ளைச் சட்டை, இரட்டைநாடி சரீரம். தேர்தலில் ஜெயித்தது மனைவி. நாற்காலியில் உட்கார்ந்து "மஞ்சூர்", அதாவது ஒப்புதல், என்று கூட்டத்தை முடித்து வைப்பது இவர். அன்றைக்கு மஞ்சூர் ஆகவிருந்தது ஆற்றோரக் கல்குவாரி. பெண்கள் தண்ணீர் எடுப்பது அந்த ஆற்றில்தான். அவர்களுக்குக் குவாரி வேண்டாம்.

"நம்ம சேர் வந்தாச்சு!" என்று கணவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பாதி உண்மை. மூச்சைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டார். வெளியே வருவதுதான் நடக்கவில்லை.

அவர் நெளிந்துகொண்டிருக்கும்போதே சுனந்தா எழுந்தார். "குவாரி வேண்டாங்கிறவங்க கை தூக்குங்க."

பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். சிரித்துக்கொண்டே பல ஆண்களும். தடுக்க எழுந்தார் கணவர்; நாற்காலியும் கூடவே எழுந்தது. "உக்காருங்க" என்றார் சுனந்தா. உட்கார்ந்தார், பாவம்.

தீர்மானம் நிறைவேறிய பிறகுதான் காசிமும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைக் கழற்றினோம். சுனந்தா சாவகாசமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அளவு கச்சிதம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போக நினைப்பவர்கள் பால்கர் வரை ரயிலில் போய், அங்கிருந்து எஸ்.டி. என்கிற அரசு பஸ் பிடிக்கலாம். மழைக்காலத்தில் புதுச் செருப்பு வேண்டாம். சபையில் வெளியாள் பின்னால் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

போன வாரம் பக்கத்து ஊர்த் தலைவி போன் செய்தார். அங்கேயும் இதே தொல்லை, ஆனால் அவர் கணவர் குச்சி மாதிரி ஒல்லி. எத்தனை அங்குலம் வைப்பது? யோசித்துவிட்டு, ஆர்டர் போனால் போகட்டும் என்று சொன்னேன்: "அக்கா, அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்க போய் உக்காந்துடுங்க."

"அவர் எந்திரிக்கச் சொன்னா?"

"எந்திரிக்காதீங்க."