மலையடிவாரத்துக் கடைசி வீடு

சூடான எலுமிச்ச சாதத்த வாழ இலையில வெச்சு, நியூஸ்பேப்பர்ல மடிச்சு, ரப்பர் பேண்ட் போடும்போது ஒரு வாசன வரும் பாருங்க... பெருங்காயமும் வெந்த இலையும் பேப்பர் மையும் கலந்த வாசன.

அந்த லாக்டவுன் கோடை முழுக்க என் கையில அந்த வாசனதான்.

அப்ப நான் சேலத்துல பி.காம் படிச்சிட்டு இருந்தேன். காலேஜ மூடிட்டாங்க. எங்க பங்கு கோயில், அதான் சர்ச்சு, அங்க ஹால்ல தினமும் சமையல் நடக்கும். காய் நறுக்கறது, பொட்டலம் கட்டறது, கொண்டு போய் குடுக்கறது எல்லாம் எங்கள மாதிரி காலேஜ் பசங்கதான். வேலை போனவங்க, ஊருக்குப் போக முடியாம தனியா மாட்டிக்கிட்டவங்க... ஏரியா பிரிச்சுக்கிட்டோம்.

எனக்கும் கோகிலாவுக்கும் ஏற்காடு மலையடிவாரத்துல இருக்கற கொண்டப்பநாயக்கன்பட்டி. கோகிலா என் கிளாஸ்மேட், எருமப்பட்டிக்காரி. பஸ் நின்னுபோச்சு, ஹாஸ்டலும் மூடிட்டாங்க, அதனால எங்க வீட்டுக்கே வந்துட்டா. எங்கம்மாவுக்கு என்னை விட அவளத்தான் புடிக்கும். அது வேற கதை.

ஏற்காடு மலை ஏறுற ரோடு அப்ப எப்படி இருந்துச்சுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. உச்சி வெயில்ல ஒரு வண்டி கிடையாது. கடை எல்லாம் ஷட்டர் இறங்கி கெடக்கும். எங்க ஸ்கூட்டி சத்தம் மலையில பட்டுத் திரும்பி வரும்... பின்னாடியே இன்னொரு வண்டி வர்ற மாதிரி. நான் சும்மா சும்மா கண்ணாடியப் பாப்பேன்.

அப்புறம் அந்தக் குரங்குங்க.

டூரிஸ்ட் வந்தாத்தானே பழம், பொரி எல்லாம்? பசி தாங்காம எல்லாம் கீழ இறங்கிருச்சு. கத்தாது. சண்ட போடாது. மதில் மேல வரிசையா உக்காந்து, எங்க பையவே பாத்துட்டு இருக்கும். நாங்க போனா தலை மட்டும் திரும்பும்.

ரோட்டுக்கு உள்ளடங்குன சந்துல, கடைசி வீட்ல மாதேஸ்வரன் அண்ணன் இருந்தாரு. மலை மேல ஒரு ஹோட்டல்ல சமையல்காரர். சொந்த ஊரு திருச்செங்கோட்டுப் பக்கம். ஹோட்டல் மூடுனதும் அந்த ஓட்டு வீட்ல தனியா மாட்டிக்கிட்டாரு. முதல்ல எல்லாம் கேட் வரைக்கும் வந்து சிரிச்சுக்கிட்டே வாங்குவாரு. "உப்பு ஒரு கல்லு கம்மிங்க சாமி, நாளைக்குப் பாத்துப் போடச் சொல்லுங்க"ன்னு கிண்டல் வேற.

அப்புறம் கிட்ட போகக்கூடாது, கேட் தூண் மேல வெச்சுட்டு குரல் குடுத்துட்டு வந்துடணும்னு எங்களுக்குச் சொல்லிட்டாங்க. அப்படியே செஞ்சோம்.

"அண்ணா, சாப்பாடு!"

"வாரேன் சாமி..."

உள்ள இருந்து குரல் வரும். நாங்க கெளம்பிடுவோம். மறுநாள் போனா தூண் மேல பொட்டலம் இருக்காது. சாப்பிட்டுட்டாருன்னு நிம்மதி.

ஒரு நாள் கோகிலா வண்டிய விட்டு இறங்கவே இல்ல. பக்கத்துப் புளியமரத்தடியையே பாத்துட்டு இருந்தா.

"ஏய்... அங்க பாரு. எல்லாம் நம்ம ரப்பர் பேண்டு."

கிழிஞ்ச பேப்பரு, நார் நாரா இலை. நிமிந்து பாத்தோம். கிளைக்குக் கிளை குரங்கு. ஒண்ணு கூட அசையல. எல்லாம் அந்தத் தூணையே பாத்துட்டு இருந்துச்சுங்க... எங்களுக்காகவே காத்துட்டு இருந்த மாதிரி.



"அண்ணா!" கோகிலா கத்துனா.

"வாரேன் சாமி..."

அதே குரல். அதே மாதிரி, ஒரு இழுப்பு கூட மாறாம.

"வேண்டாங்கண்ணா, நாங்களே உள்ள வாரோம்"னு சொல்லிட்டு அவ கேட்டத் தள்ளிட்டுப் போயிட்டா. கதவு வெறுமனே சாத்தியிருந்துச்சு.

உள்ள தரையில கெடந்தாரு. வாய் ஒரு பக்கம் கோணி, உதடு வெடிச்சு... பக்கத்துல தண்ணிக் குடம் உருண்டு கெடந்துச்சு. கண்ணு மட்டும் எங்களப் பாத்து நகந்துச்சு. கோகிலா துணிய நனைச்சு உதட்டத் தொடச்சா. ஏதோ சொல்லப் பாத்தாரு. காத்துதான் வந்துச்சு.

வீட்ல வேற யாரும் இல்ல. இருக்கறது ஒரே ரூமு. நல்லாப் பாத்துட்டேன்.

ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அவர் கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். ஆஸ்பத்திரியில டாக்டர், "பக்கவாதம். பேச்சு சுத்தமா போயிருக்கு. விழுந்து ரெண்டு நாளைக்கு மேல இருக்கும்"னாரு.

"இல்ல சார், இன்னைக்குக் கூடப் பேசினாரே"ன்னேன்.

அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "சான்ஸே இல்லம்மா"ன்னாரு.

அண்ணன் பொழச்சுட்டாரு. அவரு அக்கா வந்து ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இப்ப குச்சி ஊனி நடக்கறாரு, கொஞ்சம் கொஞ்சம் பேச்சும் வருது. ஒரு தடவை போன்ல கேட்டேன். தனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லன்னுட்டாரு.

கோகிலா மட்டும், "தினம் கேட்டுப் பழகுன காது. அதுவா கேட்டுக்கிச்சு"ம்பா.

"ரெண்டு பேரு காதுலயுமா கோகி?"ம்பேன் நான்.

அன்னையிலிருந்து எங்க குரூப்ல ஒரே ரூல். மூஞ்சியப் பாக்காம பொட்டலம் வைக்கக்கூடாது. தூர நின்னாவது பாத்துட்டுத்தான் வரணும்.

இப்ப கோயம்புத்தூர்ல வேலை, பிளாட்ல குடியிருப்பு. சாப்பாடு ஆர்டர் போட்டா "வாசல்ல வெச்சுட்டுப் போகலாமா?"ன்னு ஆப் கேக்குது. அப்ப ஒரு ஏரியாவுல யாரு சாப்பிட்டா, யாரு சாப்பிடலன்னு விரல் நுனியில வெச்சிருந்தோம். இப்ப எதிர் வீட்டுக்காரங்க பேரு கூடத் தெரியாது.

நேத்து அவங்க வாசல்ல ஒரு சாப்பாட்டுப் பார்சல். மத்தியானம் வந்தது, சாயங்காலம் வரைக்கும் அப்படியே கெடந்துச்சு.

போய் பெல் அடிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "யாரு?"ன்னு உள்ள இருந்து ஒரு குரல்.

கதவு தொறக்கற வரைக்கும் நான் நகரல.