எட்டுப் பேர் சுமந்த எண்

391 வந்து நின்றது. ஃபெலிசித்தாஸ் மேடம் ஏறவில்லை. "பாக்கத்தான் நல்ல பிள்ளை. உள்ளுக்குள்ள பதினேழாலயும் இருபத்து மூணாலயும் உடையும்" என்று அந்த ஜீப்னி வண்டியின் நம்பர் பலகையை முறைத்தார். அடுத்து வந்த 397, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண். அதன் பின்படியில் தொங்கிக்கொண்டே பள்ளிக்கு வந்தார்.

இலோயிலோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பள்ளியின் கணக்கு ஆசிரியை. பருத்த உடம்பு, தோளில் எப்போதும் ஒரு துண்டு. என் பிறந்தநாளுக்கு ஓலையில் சுற்றி வேகவைத்த இபோஸ் சோற்றுப் பொட்டலத்தை நீட்டி, "நாப்பத்தொண்ணா? நல்ல வயசு. அடுத்த வருசம் உடைஞ்சிடுவே, இப்பவே அனுபவிச்சுக்கோ" என்று வாழ்த்தியவர்.

இந்த ஆண்டு ஊர்த் திருவிழா ஊர்வலத்தில் மற்றப் பள்ளிகள் பூத்தேர் இழுத்தன. மேடம் எங்கள் கையில் ஆளுக்கொரு இலக்கப் பலகையைக் கொடுத்தார். எட்டு ஆசிரியர்கள்: 73939133. முன்னால் ஏழுடன் அவர். ஆறாவதாக, ஒன்றுடன் நான்.

"இது பகா எண். கடைசி ஆளு விலகினாலும் மிச்சம் பகா எண்தான். இன்னொருத்தர் விலகினாலும் அப்படியே. ஏழு மட்டும் நிக்கிற வரைக்கும் உடையாது. இந்த ஜாதியில இதைவிடப் பெரிசு கிடையாது, தெரியுமா?" சொந்த மகனைச் சொல்வதுபோலச் சொன்னார்.

கடைசி இலக்கமான மூன்று, விளையாட்டு ஆசிரியர் கெல்வெசோனுக்கு. "இருபது வருசமா கொடி பிடிச்சு முன்னால நடந்தவன். நான் வாலா?" என்று பொருமிக்கொண்டே வந்தவர், மேடை நெருங்கும்போது பலகையோடு வரிசையை விட்டுப் போயே போய்விட்டார்.

"மேடம், நம்பர் கெட்டுப்போச்சு!" என்று பதறினேன்.

"எங்க கெட்டுது? நட!"

மேடைமுன் நின்றோம். கூட்டத்தில் ஒருவன், "லாட்டரி நம்பரா மேடம்?" என்று கத்தினான். சிரிப்பு. மேடம் ஒலிபெருக்கியைப் பிடுங்கினார். "ஒண்ணையும் இதே எண்ணையும் விட்டுட்டு, இந்த எண்ணை எதால வேணா வகுத்துப் பாருங்க. மீதி வராம வகுத்துக் காட்டினா நான் வேலையை விடறேன்!"

கைப்பேசிகள் வெளியே வந்தன. மூன்று, ஏழு, பதின்மூன்று என்று போட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மேடம் கையசைக்க, கடைசியில் நின்றவர் விலகினார். மறுபடி வகுத்தார்கள். அடுத்து நான் விலகினேன். ஆள் குறையக் குறையக் கூச்சல் ஏறியது. "உடையல! இன்னும் உடையல!" கடைசியில் மேடம் மட்டும், வியர்வை வழிய, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பேண்டுக்காரர்கள் கேட்காமலே முரசடித்தார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் கெல்வெசோன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், வெகுதூரம் தள்ளி, எட்டாவது இடத்தில் போய் நின்றார். நடுவில் ஆறு இடம் காலி. நாங்கள் ஒவ்வொருவராகப் போய் நிரப்பினோம்.

மேடம் வரிசையின் நீளத்துக்கும் நடந்து அவரிடம் போனார். திட்டப்போகிறார் என்றே நினைத்தோம். கெல்வெசோன் பலகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். மேடம் அதை வாங்கி, துண்டால் ஒரு துடை துடைத்து, நேராக்கி அவர் கையில் கொடுத்தார்.