ஆறாவது காம்பராவின் சுவர்

என் அக்கா குடியிருக்கும் லயக் காம்பராவின் ஒரு பக்கச் சுவர் வெளிர்நீலம். அதில் ஒரு சாமிப்பட ஆணி இருக்கிறது. ஆணிக்குக் கீழே விளக்குப் புகை படிந்த கரிய தடம். மழை நேராக வந்து அடிக்கும் வெளிச்சுவர் அது. போன வருடம் வரை அது பக்கத்துக் காம்பராவின் உட்சுவராக இருந்தது.

நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைக்கு நடுவே இருக்கிறது அந்த லயம். குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே வரிசை, ஒரே தகரக் கூரை. நானும் அக்காவும் பிறந்தது ஏழாவது காம்பராவில். நான் பதுளை டவுனுக்கு வந்து, கொழும்புப் பத்திரிகை ஒன்றின் நிருபரானேன். அக்கா அதே காம்பராவில் தங்கி, கொழுந்து பறித்து, பிள்ளை பெற்று, மச்சானையும் அங்கேயே பறிகொடுத்தாள். மகன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். அவள் தனியாக இருக்கிறாள்.

என் வேலை பெரும்பாலும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பது. ஒரு திட்டம் வாசிக்கப்படும், யாராவது ஒரு வார்த்தையை மாற்றச் சொல்வார், மாற்றுவார்கள், அடுத்த விடயத்துக்குப் போவார்கள். அதை இரண்டு பத்திக்குள் எழுதி அனுப்புவேன். பிறகு அந்தத் திட்டம் என்ன ஆனது என்று பார்க்க நான் போவது குறைவு. பத்திரிகையில் அதற்கு இடமும் இல்லை. இந்தத் திட்டம் எங்கள் வாசலுக்கே வந்ததால் பார்த்தேன்.

ஒரு பெருமழைக்குப் பிறகு லயத்துக்கு மேலே இருந்த மலையில் வெடிப்பு கண்டது. கொஞ்சம் மண் இறங்கி, பின்பக்கத் தண்ணீர்க் கானை மூடியது. ஆட்கள் வந்து அளந்துவிட்டுப் போனார்கள். சில மாதங்கள் கழித்து, மண்சரிவு அபாயம் உள்ள வீடுகளில் சிவப்பு அடையாளம் போட வேண்டும் என்று முடிவானது. சிவப்புக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும்.

அடையாளம் போட வந்த அன்று நான் அங்கே இருந்தேன். மச்சானின் வருடத் திவசத்துக்குப் போயிருந்தேன். வந்தவன் இளம் உத்தியோகத்தன், சிங்களப் பையன். ஒரு கையில் பெயின்ட் டின்னும் தூரிகையும், மறு கையில் போன். முதல் காம்பராவிலிருந்து ஒவ்வொரு கதவு நிலைக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு போட்டுக்கொண்டே வந்தான்.

சிவப்பு என்றால் அப்போது எல்லோருக்கும் பயம். பக்கத்து டிவிஷனில் முன்பு ஒரு லயத்துக்கு அப்படி அடித்து, குடும்பங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள். வீடு வரும் என்றார்கள். கூடாரம் கிழிந்து, மேலே இன்னொரு கூடாரம் போட்டதுதான் வந்தது. தொழிற்சங்கத் தலைவர் காம்பராவின் முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்றுகொண்டு அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"செவப்பு அடிச்சா கெளப்பிருவாங்க. அப்புறம் கூடாரந்தான். நான் இப்பவே சொல்லிட்டேன்."

ஆறாவது காம்பராவுக்கு அடித்துவிட்டு, பையன் அக்காவின் வாசற்படிக்கு வந்தான். அக்கா இஞ்சி போட்ட பிளேன்டீயோடு நின்றாள்.

"ஐயா, நமக்கு வேணாங்க. மண்ணு அந்தப் பக்கந்தான் வரும். இங்கிட்டு வராதுங்க. புருஷன் செத்த வீடுங்க. இத விட்டுட்டு நான் எங்க போவேன்?"

ஆறாவது காம்பராக்காரி, அக்காவை விடப் பத்து வயது இளையவள், தன் கதவில் காயாத சிவப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஆமாங்க ஐயா. மண்ணு இந்தக்கா வாசல்ல வந்து செருப்பக் கழட்டிட்டு நிக்கும். மரியாதையான மண்ணு."

"போடி அங்கிட்டு," என்றாள் அக்கா.

பையன் டீயை வாங்கிக் குடித்தான். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு அவள் படியில் விழுந்தது. போனைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்துத் தலையாட்டினான். டின்னை மூடிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். ஏழு முதல் பன்னிரண்டு வரை சிவப்பு இல்லை.

அக்கா அந்தச் சொட்டை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தாள். படியில் ஒரு வெளிறிய ரோஸ் தடம் மிஞ்சியது. அன்றைக்குத் திவசச் சாப்பாட்டுக்கு வந்த எல்லோரிடமும் அதே வாக்கியத்தைச் சொன்னாள். "சொன்னேன், கேட்டுக்கிட்டான்."

அதன் பிறகு மழை எச்சரிக்கை வரும்போதெல்லாம் சிவப்புக் காம்பராக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்பது விதி. பள்ளிக்கூடம் தூரம், பாதை சறுக்கும். அவர்கள் பாயையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஏழாவது காம்பரா இஸ்தோப்புக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒரு தடவை கிராம சேவகர் குடையோடு வந்து கேட்டார், எல்லோரும் பாதுகாப்பான இடத்துக்குப் போயாச்சா என்று.

"போயாச்சுங்க."

"எங்க?"

"இங்கதாங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம்."

அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். ஆறாவது காம்பராவிலிருந்து ஏழாவதுக்கு ஒரே தகரம் ஓடியது. "சட்டப்படி சரிதான்," என்றார். அக்கா அவருக்கும் பிளேன்டீ கொடுத்தாள்.

அடுத்து வந்த முடிவை நான் கச்சேரிக் கூட்டத்தில் கேட்டேன். சிவப்பு அடையாளமிட்ட குடும்பங்களுக்குத் தோட்டத்தின் மேல் பக்கத்தில், சரிவு அபாயம் இல்லாத இடத்தில், காணியும் தனி வீடும் கொடுப்பது. வெறும் பேச்சு இல்லை, இந்த முறை பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. கூட்டம் முடிந்ததும் படிக்கட்டில் நின்று செய்தி எழுதி அனுப்பினேன். பிறகு அக்காவுக்கு போன் போட்டேன்.

 அவளுக்குப் பின்னால் சேவல் கூவுவது கேட்டது.

"எனக்கு?"

"கோட்டுக்குள்ள வரலக்கா."

"நான்தான வேணாம்னேன்," என்றாள். வைத்துவிட்டாள்.

அவளை அழைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனேன். எங்களைப் பார்த்த அதிகாரி மரியாதையான மனிதர். நாற்காலி போடச் சொன்னார். அக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, அன்று நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். தான் வேண்டாம் என்று கெஞ்சியதை, அவன் தலையாட்டியதை, படியில் இன்னும் தடம் இருப்பதை.

"எம் படியிலயும் செவப்பு விழுந்துச்சுங்க. நான்தான் தேச்சி அழிச்சேன். வந்து பாருங்க, தெரியும்."

"அம்மா, சொட்டு விழுந்தது கணக்கில்ல," என்றார் அவர். "ரெட் ஸோன்ல இல்லாத ஆளுக்கு நான் வீடு குடுத்தா, நாளைக்கு என்னத்தான் கேப்பாங்க. ரெட் ஸோன்ல இருக்கிற ஆளுக்குக் குடுக்காட்டியும் என்னத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வீடுகள் கட்டி முடிந்தன. திறப்பு விழா செய்தியையும் நான்தான் அனுப்பினேன். ஆறு குடும்பங்கள் சாமான்களை ட்ரக்டரில் ஏற்றின. ஆறாவது காம்பராக்காரி சாமிப்படத்தை எடுத்துக்கொண்டாள். ஆணியை ஆட்டிப் பார்த்தாள்.

"ஆணி வரலக்கா. நீங்களே வச்சுக்கங்க."

"ஒன் வீட்டு ஆணிய நான் எப்படிடி வச்சுக்கிறது? நடுவுல செவரு இருக்குல்ல," என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள்.

திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. காலியான காம்பராக்களில் வேறு யாரும் குடியேறிவிடக் கூடாது. ஆகவே அவற்றை இடிக்க வேண்டும். நியாயமான நிபந்தனை. கூட்டத்தில் அது வாசிக்கப்பட்டபோது நானும் இருந்தேன், யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு லயத்தின் பாதியை இடிப்பது எப்படி என்பது அந்த அறையில் எழவில்லை.

தோட்டத்து ஆட்கள் அலவாங்கு, கடப்பாரையோடு வந்தார்கள். முதல் காம்பராவிலிருந்து தொடங்கி, அக்காவின் சுவர் வரை வந்து நின்றார்கள். கூரையை அறுக்க வேண்டியிருந்தது. மேலே ஏறியவன் அக்காவுக்குத் தெரிந்த பையன், கூடக் கொழுந்து பறித்தவளின் மகன். சுவருக்கு நேராகக் கோடு கிழித்துவிட்டுக் கீழே குனிந்து கேட்டான்.

"பெரியம்மா, ஒரு சாண் கூட விட்டு அறுக்கவா?"

"விடுய்யா."

சொல்லப்பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி அறுத்தான். அந்தத் திட்டத்தில் அக்காவின் வாயிலிருந்து வந்து நிறைவேறியது அந்த ஒரு சாண் தகரம்தான்.

உட்சுவராகக் கட்டியது மழை தாங்காது. செங்கல்லுக்கு நடுவே மண் சாந்து. முதல் மழையிலேயே உள்பக்கம் ஈரம் ஏறியது. சுவரைப் பூசித் தரும்படி தோட்டத்து ஆபிசில் கேட்டேன். இடிக்கச் சொன்னது அரசாங்கம், அங்கே கேளுங்கள் என்றார்கள். செயலகத்தில் கேட்டேன். சிவப்பு இல்லாத காம்பரா தோட்டத்துடையது, அங்கே கேளுங்கள் என்றார்கள். இரண்டு பதில்களையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டுமே சரி. மகன் கொழும்பிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் கொண்டுவந்து சுவரை மூடிக் கட்டினான். காற்று அதைத் தூக்கும்போது சாமிப்பட ஆணியில் மாட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் கிழிந்துவிட்டது.

அக்கா யார் மேலும் குறை சொல்லவில்லை. வருகிறவர்களிடம், "நான் வேணாம்னேன், வுட்டுட்டாங்க," என்பாள். மழைக்காலம் என்று சொல்வதைப் போலச் சொல்வாள்.

பிறகு ஒரு நாள் பதுளை பஸ் நிலையத்தில், சிவப்பு அடித்த அந்தச் சிங்களப் பையனைப் பார்த்தேன். மொனராகலை பஸ்ஸுக்கு நின்றான், ஊர் அங்கே என்றான். சிங்களத்தில் பேசினோம். லயத்தைச் சொன்னதும் நினைவு வந்தது, பாதி லயத்துக்கு அடித்த இடம் அது ஒன்றுதானாம். கோட்டை யார் போட்டது என்று கேட்டேன். கோடு தான் வருவதற்கு முன்பே வரைபடத்தில் இருந்தது என்றான். கொழும்பில் மலைச்சரிவைக் கணக்கிட்டு வரைந்தது. கட்டிடம் எங்கே நிற்கிறது என்பது அந்தக் கணக்கில் இல்லை. போன் காட்டிய இடம் வரை பெயின்ட் அடிப்பது மட்டுமே அவன் வேலை. கூட்டவோ குறைக்கவோ முடியாது.

டீ கொடுத்த அம்மா ஏதோ கேட்டாரே என்றேன்.

டீ நினைவிருந்தது. இஞ்சி போட்டிருந்தது என்றான். அவர் பேசியது தமிழ், தனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. மரியாதைக்குத் தலையாட்டினேன் என்றான். பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறினான்.

அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். அவள் இஸ்தோப்பில் உட்கார்ந்து கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோடு ஏற்கெனவே இருந்தது, நீ பேசினாலும் பேசாவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும், உன் மேல் எந்தப் பிழையும் இல்லை என்றேன்.

"நான் சொன்னது அந்தப் பையனுக்கு வெளங்கவே இல்லையா?"

"இல்லக்கா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

இரண்டு போஞ்சி நறுக்கினாள்.

"ஒரு வாட்டியாச்சும் நம்ம சொன்னதக் கேட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்டா. நான் சொன்னது தப்பாப் போச்சு, அது வேற. கேட்டாங்கல்ல." கத்தியைக் கீழே வைத்தாள். "இத நீ எங்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம்."

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவில்லை. ஆனால் போன மாதம் ஹாலிஎலவிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, உங்களுக்கு ஏன் வீடு கிடைக்கவில்லை என்று கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"நான் வேணாம்னேன். கேட்டுக்கிட்டாங்க."

இப்போது மழை எச்சரிக்கை வந்தால் அந்த லயத்தில் யாருக்கும் செய்தி வருவதில்லை. அங்கே சிவப்புக் காம்பரா இல்லை. மேலே புதுவீட்டிலிருந்து பழைய ஆறாவது காம்பராக்காரிதான் போன் பண்ணி, "ஏறி வாங்கக்கா," என்பாள். அக்கா ஒரு துணிப்பையோடு ஏறிப் போவாள். ஒரு தடவை நானும் கூடப் போனேன். பகல் மூன்று மணி இருக்கும், மலை முழுவதும் மூடிக்கிடந்தது.

"வாங்க, வாங்க. மண்ணு மாதிரி உள்ள வந்துராதீங்க, செருப்பக் கழட்டிட்டு வாங்க," என்றாள் அவள்.

அக்கா கழற்றி வைத்தாள். உள்ளே நல்ல நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதில் உட்காரவில்லை. முக்காலியை இழுத்து ஜன்னலோரம் போட்டுக்கொண்டாள். ரொம்ப நேரம் காம்பராவைப் பூட்டிப் போட்டால் காலி என்று நினைத்து அதையும் இடித்துவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு எண்ணம். அப்படி ஒரு விதியும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். இல்லாத விதி நாளைக்கு வராதா என்று கேட்டாள். 

ஜன்னலிலிருந்து பார்த்தால் கீழே மீதி லயத்தின் கூரை தெரியும், மூடுபனி விலகும்போது மட்டும். அறுத்த முனையில் ஒரு சாண் தகரம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அக்கா டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை சற்றுக் குறைந்ததும், நிற்பதற்கு முன்பே, எழுந்து செருப்பைப் போட்டாள்.