என் மனைவியின் விசில்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஒருநாள் கரண்ட் போனதால் மதியமே வீடு திரும்பினேன். அடுப்படியில் யாரோ விசிலில் பாட்டுப் பாடுவது கேட்டது. எட்டிப் பார்த்தால், என் மனைவி! எங்கள் பூனை அவள் மடியில் கண்மூடிக் கிடந்தது. அவள் நிறுத்தினால் தலையைத் தூக்கி அவள் மோவாயை முட்டியது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது, பூனைக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது.

"ஏட்டி, பொம்பள விசிலடிக்கலாமா? தெருவுல கேட்டா சிரிப்பாவ" என்றேன். தெருவைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை.

அவள் அதோடு விட்டுவிட்டாள். ஒரு வாரமாகப் பூனை அவள் முகத்தைப் பார்த்துக் கத்தியது. எனக்குத் தாங்கவில்லை.

"அதுக்கு விசிலடிச்சுக் காட்டேன், பாவம்" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் பிடிக்கலியே?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "எனக்கு ஒருநாளும் அடிக்கலியேன்னுதான்..."

அவள் சிரித்துவிட்டாள். "அது வந்து பக்கத்துல உக்காருது. நீங்க என்னைக்கு உக்காந்திய?"

அன்று நானும் போய் உட்கார்ந்தேன். அவள் விசிலடித்தாள். ஆனாலும் பொறாமை போகவில்லை. அந்தப் பூனை என்னைவிட எத்தனையோ பாட்டு அதிகமாகக் கேட்டிருக்கிறது.

ஐப்பசி 9